தராசில் வைக்கப்படாத நூல்: ‘குரங்கு வழக்கு’ நாடகம் பற்றிய ஒரு நோக்கு

ஜெரோம் லோரன்ஸ், றொபேட் ஈ. லீ ஆகிய அமெரிக்க நாடகாசிரியர் இருவர் இணைந்து எழுதிய ‘இன்ஹெரிற் த விண்ட்’ என்னும் நாடகம் 1955ஆம் ஆண்டு ஜனவரியில் டலஸ் நகரிலும், அவ்வாண்டு ஏப்ரலில் நியூயோர்க்கின் புரோட்வே அரங்கிலும் மேடையேறியது. புரோட்வேயில் மாத்திரம் 806 தடவைகள் நடிக்கப்பெற்ற இந்நாடகம் 1960இல் ஸ்டான்லி கிராமரால் திரைப்படமாக்கப்பட்டது. கூர்ப்புக் கொள்கையைப் பாடசாலையிற் கற்பிக்கலாமா என்னும் விவாதம் அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் தலைதூக்கியபோது, கற்பிக்க வேண்டும் என்பார் இந்நாடகத்தைத் துணைக்கழைப்பது வழக்கமாயிற்று. (நாம் கூர்ப்பு என வழங்குவதைத் தமிழகத்தார் பரிணாமம் என்பர்.) நாமும் கற்பிக்க வேண்டும் என்னும் தரப்பினரே. உயிரியலின் அடித்தளமாகிய இக்கொள்கையை ஒளித்துவைத்துவிட்டு உயிரியலைக் கற்பித்தல் இயலாது என்பதில் எமக்கு ஐயமில்லை. எதிர்த்தரப்பாரின் எழுத்துக்களிற் குறை காண்பது எளிது. எமது தரப்பின் படைக்கலமாகப் பயன்பட்டுவரும் ஒரு படைப்பு எதனைச் சொல்லாது விடுகிறது என்று பார்ப்பது அத்துணை எளிதன்று. அதனையே இங்கு செய்யப் புகுகின்றோம்.

நாடகத்துக்கு மூலமான நிகழ்ச்சியை முதலிற் சுருக்கமாக நினைவுகூர்தல் வேண்டும். 1925 மார்ச்சில் டென்னசி மாநிலச் சட்டசபை, பின்னர் பட்லர் சட்டம் எனப் பெயர்பெற்ற சட்டத்தை நிறைவேற்றியது. அரச பணத்தில் இயங்கும் பாடசாலைகளில், விவிலியம் கூறும் தெய்வீகப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்குகளின் வழிவந்தவன் எனக் கற்பிப்பதை அது குற்றமாக்கியது. இச்சட்டத்தை நீதிமன்றத்திற் பரீட்சித்துப் பார்க்க முன்வரும் ஆசிரியருக்குத் துணைநிற்பதாக அமெரிக்கக் குடியியல் உரிமைகள் சங்கம் பத்திரிகை வாயிலாக அறிவித்தது. டேற்றன் என்னும் சிற்றூரின் பிரமுகர் சிலர், வழக்கு நடந்தால் தம்மூருக்குப் பெயரும் வணிகமும் வரும் என்று கருதி, மருந்துக்கடை ஒன்றிற் கூடி, 24 வயதினரான ஜோன் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியரை அழைத்து இணங்கச் செய்தனர். யூலை 10ஆம் நாள் தொடங்கிய வழக்கு 21ஆம் நாள் முடிந்தது. மூன்று முறை சனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன் வழக்குத் தொடுநர் பக்கமும், நாடறிந்த சட்டத்தரணி கிளாறன்ஸ் டரோ எதிரி பக்கமும் தோன்றினர். யூரர்கள் ஒன்பது நிமிடத்தில் குற்றவாளி என்றனர். தண்டப்பணம் 100 டொலர். தீர்ப்பு வந்து ஐந்து நாள்களில், டேற்றனிலேயே, பிரையன் உறக்கத்தில் உயிர்நீத்தார்.

நாடகத்தில் ஊர் ஹில்ஸ்பரோ ஆகிறது. ஸ்கோப்ஸ் கேற்ஸ் ஆகவும், பிரையன் பிரேடி ஆகவும், டரோ டிரமண்ட் ஆகவும், பத்திரிகையாளர் மென்கன் ஹோர்ன்பெக் ஆகவும் பெயர்மாறுகின்றனர். ஒருநாளும் சிறையிலிருந்திராத ஸ்கோப்ஸ் நாடகத்திற் சிறைக்கூடத்தில் அறிமுகமாகின்றார். அவரைக் காதலிக்கும் போதகர் மகள் றேச்சல் முற்றிலும் கற்பனை. பிரேடி நீதிமன்றத்திலேயே, யாரும் கேளாத தன் உரையைக் கத்திக்கொண்டே சரிந்து விழுகிறான். இத்தகைய மாற்றங்களை எட்வேட் லார்சன் தமது ‘சமர் போர் த கோட்ஸ்’ (1997) என்னும் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நாம் அவற்றில் நின்று நிதானிக்கப் போவதில்லை. வரலாற்றுக்குப் புறம்பாயிற்று என்பதொன்றே நாடகமொன்றைத் தள்ளிவிடப் போதிய காரணமன்று. தாம் எழுதியது வரலாறன்று என நாடகாசிரியர்களே முன்னுரையிற் கூறியுமுள்ளனர். அவர்கள் எண்ணத்தில் இருந்தது 1925 அன்று. செனட்டர் மக்கார்த்தியின் காலத்தில், எண்ணிய குற்றத்துக்காக மனிதர் விசாரணை மன்றங்களின்முன் நிறுத்தப்பட்ட நாள்களில், சிந்தனைச் சுதந்திரத்தைப் பேசுவதற்கு ஒரு பழைய வழக்கை அவர்கள் போர்வையாகக் கொண்டனர். திரைப்படத்தின் கதைவசனம் எழுதிய இருவருள் ஒருவரான நெட்றிக் யங், கறுப்புப் பட்டியலில் இடப்பட்டிருந்தமையாற் புனைபெயரிலேயே எழுத நேர்ந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அந்த அளவில் அது துணிவான காரியமே.

எமது வினா வேறு. நாடகத்தின் தொடக்கத்தில், தான் செய்ததை விளக்கும் கேற்ஸ், ஹன்டரின் உயிரியற் பாடநூலைத் திறந்து அதன் பதினேழாம் அதிகாரத்தை மாணவருக்கு வாசித்ததாகக் கூறுகிறான். அவ்வதிகாரத்தை டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்றே குறிப்பிடுகிறான். கேட்போர் காதில் ஹன்டரின் பெயர் விழுந்து மறைகிறது, டார்வினின் பெயர் நிற்கிறது. அதன்பின் நாடகம் முழுவதிலும் பாடநூலுக்கு வேலையில்லை. இறுதிக் காட்சியில் டிரமண்ட் வெறுமையான மன்றத்தில் தனித்து நின்று, டார்வினின் நூலை ஒரு கையிலும் விவிலியத்தை மறு கையிலும் ஏந்தி, தராசிலிட்டவன்போல எடைபார்த்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தன் பையில் வைத்துக்கொண்டு வெளியேறுகிறான். அரங்கினரைக் கவர்ந்த காட்சி அது. நல்ல நடிகர் கையில் இன்றும் கவரும். ஆயின் டேற்றன் மாணவர் கையில் இருந்தது டார்வினின் நூலுமன்று, விவிலியமுமன்று. ஜோர்ஜ் வில்லியம் ஹன்டர் என்னும் நியூயோர்க் ஆசிரியர் 1914இல் வெளியிட்ட ‘சிவிக் பயோலொஜி’ என்னும் பாடநூலே அவர்கள் கையில் இருந்தது. அது டென்னசி அரசு தானே அங்கீகரித்த நூல். வழக்குக்கு வித்திட்ட அதே மருந்துக்கடையில், பாடசாலைச் சபைத் தலைவரான கடைக்காரரால் விற்கப்பட்ட நூல். மூன்றாவதாகிய இந்நூல் தராசில் ஏறவேயில்லை.

அதனைத் திறந்து பார்ப்போமாயின் என்ன காண்கிறோம்? நூலின் பெயரே அதன் நோக்கத்தைக் காட்டுகிறது. உயிரியல் அறிவினால் நல்ல குடிமக்களை உருவாக்குவது ஹன்டரின் எண்ணம். நுளம்பு, ஈ, பால், குடிநீர், வடிகால், தொற்றுநோய் என நகர வாழ்வின் சுகாதாரத்தை அது நிரம்பப் பேசுகிறது, இது பாராட்டத்தக்கது. கூர்ப்புக் கொள்கைக்குக் கிடைத்த இடம் சில பக்கங்களே. அவற்றை அடுத்து, இடைவெளியின்றி, மனித ‘இனங்கள்’ பற்றிய பகுதி வருகிறது. மனிதர் ஐந்து வகையினராகப் பிரிக்கப்பட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழும் வெள்ளையர் அனைவரிலும் உயர்ந்த வகையினராக நிறுத்தப்படுகின்றனர். இதற்கு ஆதாரம் காட்டப்படுவதில்லை. கூர்ப்பின் ஏணியில் அதுவும் ஒரு படி என்பதுபோல இயல்பாகச் சொல்லப்படுகிறது. மேலும் சில அதிகாரங்கள் கடந்தபின் இனமேம்பாட்டியல் வருகிறது. ‘நற்குடிப்’ பிறந்தாரைப் பெருகச் செய்து, ஏனையோர் பெருகாது தடுத்தல் வேண்டும் என்ற, அந்நாளிற் பல்கலைக்கழகங்களிலும் செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கை அது. குற்றம், குடி, மனவளர்ச்சிக் குறைபாடு, ஒழுக்கக்கேடு யாவும் பரம்பரையாக வருவன என்பதற்கு இரு குடும்பங்களின் கதை சான்றாகிறது. அத்தகையோர் சமூகத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள் எனப்படுகின்றனர். அவர்கள் விலங்குகளாயின் கொன்றொழித்திருப்போம், மனிதராதலின் அது கூடாது. ஆகவே ஆண்களையும் பெண்களையும் பிரித்து விடுதிகளில் அடைத்துவைத்து, இனம் பெருகாது தடுக்கலாம் என்பது நூலாசிரியர் கூறும் பரிகாரம். வறுமை என்னும் சொல்லுக்கு அங்கே காரணத்தின் இடம் இல்லை. சமூகம் செய்த குற்றம் குருதியின்மேற் சுமத்தப்படுகிறது. பதினான்கு, பதினைந்து வயது மாணவருக்கு இது விஞ்ஞானமாகக் கற்பிக்கப்பட்டது.

டார்வினின் 1859ஆம் ஆண்டு நூலோ மனிதனைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் பேசாத நூல். ஆக, நாடகத்தில் ஹன்டரின் இடத்தில் டார்வினை வைத்தபோது வெறும் பெயர்மாற்றம் நிகழவில்லை. தன் காலத்து வர்க்க, நிறபேதங்களை விஞ்ஞானத்தின் பெயரால் உறுதிசெய்த ஒரு பாடநூல் அகற்றப்பட்டு, மாசற்ற சிந்தனைச் சுதந்திரத்தின் சின்னம் ஒன்று அவ்விடத்தில் அமர்த்தப்பட்டது.

இதன் விளைவு பிரேடியின் பாத்திரப்படைப்பில் நன்கு புலப்படுகிறது. பிரேடி பெருந்தீனிக்காரன், புகழாசை கொண்டவன், அறியாமையைக் கொடியாகப் பிடித்தவன். ஓரிடத்தில் மாத்திரம், தன் மகளையே சபிக்கும் போதகரைத் தடுக்கும்போது, அவனுள் வேறொரு மனிதன் தோன்றி மறைகிறான். திறனாய்வாளர் வகைமாதிரிப் பாத்திரம் என்பர். ஒரு வரலாற்றுச் சூழலின் சமூக சக்திகள் ஒருவனில் உருக்கொள்வது அது. பிரேடியில் உருக்கொண்டவை எவை? அவனைத் தோளிற் சுமக்கும் ஊரார் ஏன் சுமக்கிறார்கள்? நாடகம் விடை தருவதில்லை; மதவெறி என்றே விட்டுவிடுகிறது. வரலாற்றுப் பிரையனோ வங்கிகளுக்கும் புகையிரதக் கம்பனிகளுக்கும் எதிராகக் கடனாளி உழவரின் குரலாக 1896இல் எழுந்தவர். வருமான வரிக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் ஆதரவாக நின்றவர். பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா கைப்பற்றியதைக் கண்டித்தவர். இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபின் 1906இல் பிரித்தானிய ஆட்சியைக் கண்டித்து அவர் எழுதியது துண்டுப் பிரசுரமாகவும் பரவியது. இராஜாங்கச் செயலாளராயிருந்த அவர், நாடு போரை நோக்கி இழுபடுவதை ஏற்காது 1915இற் பதவி துறந்தார். ஜெர்மன் படை அதிகாரிகள் வலியோர் வாழ்வதே இயற்கை நியதியெனப் போரை நியாயப்படுத்தியமை பற்றி வேர்னன் கெலோக் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் 1917இல் எழுதிய நூல் அவரை ஆழமாகப் பாதித்தது. வழக்கின் முடிவில் நிகழ்த்தவென எழுதி, நிகழ்த்த வாய்ப்பின்றிப் போன உரையில், நலிந்தோரைப் பேணுவது இனத்துக்குத் தீங்காகலாம் என்னும் பொருள்படும் பகுதியொன்றை டார்வினின் பிந்திய நூலிலிருந்து எடுத்துக்காட்டி அவர் சாடியிருந்தார். பிரையன் அஞ்சிய பொருள் ஒன்று உண்மையாகவே இருந்தது. அது மாணவரின் புத்தகப் பையில் இருந்தது.

இவ்வாறு கூறுவதால் நாம் பிரையனைப் போற்றப் புகுந்தோம் என யாரும் கொள்ளவேண்டியதில்லை. அவர் கண்ட நோய் உண்மை. கொடுத்த மருந்தோ நோயைத் தீண்டவேயில்லை. பட்லர் சட்டத்தை மீண்டும் வாசித்துப் பார்க்க வேண்டும். மனிதன் விலங்கின் வழிவந்தவன் என்பதை மாத்திரமே அது தடுத்தது. வெள்ளையரே உயர்ந்தோர் எனக் கற்பிப்பதற்கு அதில் தடையில்லை. ஏழைகளை ஒட்டுண்ணிகள் எனக் கற்பிப்பதற்கும் தடையில்லை. ஆசிரியரொருவர் சில பக்கங்களைக் கிழித்துவிட்டு எஞ்சிய ஹன்டரை மறுநாளும் சட்டப்படி கற்பித்திருக்கலாம். விவிலியத்தின் சொல்லுக்கு வந்த குறையே குற்றமாயிற்று. மனிதனின் மதிப்புக்கு வந்த குறை எவர் கண்ணுக்கும் குற்றமாகவில்லை. வழக்கு முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1927இல், வேர்ஜீனியா மாநிலத்தின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டது. 1924ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில், கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தைப் பெயர் சுட்டிக் கண்டிக்கும் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியவர் இதே பிரையன். நலிந்தோர்பால் அவர் கொண்ட பரிவு நிறத்தின் எல்லையில் தயங்கி நின்றது.

இதைவிட வியப்பானது டரோ பற்றிய செய்தி. இனமேம்பாட்டியலை வன்மையாக எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். பாடநூல்கள் சான்றாகக் காட்டிய அந்தக் குடும்பக் கதைகளையும் அக்கொள்கையையும் 1925, 1926ஆம் ஆண்டுகளில் மென்கனின் சஞ்சிகையிலேயே எள்ளி எழுதினார். அத்தகையவர் டேற்றனில் ஹன்டரின் அப்பகுதிகளைப் பற்றி வாய்திறக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. ஒரு தரப்புக்குப் பாடநூலைக் காக்கவேண்டியிருந்தது. மறு தரப்புக்கு விவிலியத்தைக் காக்கவேண்டியிருந்தது. நாடகாசிரியர் தேடியிருந்தால், டரோவின் உள்ளத்திலேயே, தான் காக்கும் நூலோடு தானே உடன்படாத ஒரு மனிதனைக் கண்டிருப்பர். டிரமண்ட் இப்போது இருப்பதிலும் பெரிய பாத்திரமாகியிருப்பான்.

எம்மவருக்கு இது உவப்பான செய்தியாக இராது. அந்நாளில் இனமேம்பாட்டியலை ஆதரித்தவர்களிற் பலர் தம்மை முற்போக்கினர் எனக் கருதியவர்கள். இங்கிலாந்தில் பேபியன் சங்கத்து சிட்னி வெப், பேர்னாட் ஷோ போன்றோரும் அவர்களுள் அடங்குவர். விஞ்ஞானம் எனப்பட்டதெல்லாம் முன்னேற்றம் என்று நம்பிய ஒரு தலைமுறையின் பிழை அது. படைப்புவாதிகள் இன்று ஹன்டரின் பக்கங்களை எடுத்துக்காட்டி, பாரீர், கூர்ப்புக் கொள்கையின் கனி இதுவே என்கின்றனர். நாம் அப்பக்கங்களை மறைத்து வைத்தமையே அவர்களுக்கு அவற்றைக் கண்டுபிடிக்கும் பெருமையை அளித்தது. அவர்களுக்கான விடை கடினமன்று. ஹன்டரின் இனவரிசை கூர்ப்புக் கொள்கையினின்று பெறப்பட்டதன்று. முன்னரே இருந்த ஒரு சமூக ஏணிக்கு அது போர்த்திய துணி. அத்துணியை விலக்கியதும் உயிரியலே. மனிதரிடைக் காணப்படும் மரபியல் வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒரே குடித்தொகையினுள்ளேயே அமைகிறது, ‘இனங்களுக்கு’ இடையிலான பங்கு மிகச் சிறிது என றிச்சட் லெவொன்ரின் 1972இல் கணக்கிட்டுக் காட்டினார். கூர்ப்பைக் கற்றவர் தம் முன்னோரின் பிழையைத் திருத்தினர். சட்டசபைகளோ நீதிமன்றங்களோ அதனைத் திருத்தவில்லை.

பாடநூலை மறந்தமையால் நாடகத்துக்கு நேர்ந்த இன்னொரு குறையும் உண்டு. வென்றேனா தோற்றேனா எனக் கேட்கும் கேற்ஸுக்கு, வென்றாய் என்கிறான் டிரமண்ட்; இது என்றும் முடிந்துவிடும் காரியமன்று என்று அவன் சேர்த்துக்கொள்வதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகிறோம். ஆயினும் அரங்கை விட்டு எழுந்து செல்பவர் மனதில் வெற்றியே தங்குகிறது. நாடகம் அரங்கேறியபோதும், படம் திரையிடப்பட்டபோதும் பட்லர் சட்டம் நடைமுறையிலேயே இருந்தது. 1927 ஜனவரியில் டென்னசி உச்ச நீதிமன்றம், 50 டொலருக்கு மேற்பட்ட தண்டப்பணத்தை யூரர் விதிக்கவேண்டியிருக்க நீதிபதி விதித்துவிட்டார் என்னும் நுணுக்கத்தைக் காட்டி ஸ்கோப்ஸின் தண்டனையை நீக்கியது. சட்டம் செல்லுமென்றே கூறியது. 1967இலேயே அது நீக்கப்பட்டது. இதற்கிடையில் மிசிசிப்பியும் ஆர்க்கன்சாவும் அதே வகைச் சட்டங்களை இயற்றின. வெளியீட்டாளர் எச்சரிக்கையாயினர். ஹன்டரின் நூலே 1926இல் திருத்தப்பட்டபோது கூர்ப்பு என்னும் சொல் பெரும்பாலும் மறைந்தது. வழக்கின்பின் பள்ளிப் பாடநூல்களிற் கூர்ப்பின் இடம் சுருங்கியதென யூடித் கிரபினரும் பீற்றர் மில்லரும் 1974இல் எழுதினர். பின்வந்த ஆய்வாளர் சிலர் அச்சுருக்கம் அத்துணை சீரானதன்று என்பர். எவ்வாறாயினும், 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் அமெரிக்க அரசு விஞ்ஞானக் கல்விக்குப் பணத்தை வாரியிறைக்கத் தொடங்கியதை அடுத்தே, கூர்ப்பை நடுநாயகமாகக் கொண்ட பாடநூல்கள் 1960களில் வெளிவந்தன. டேற்றனின் சொற்போர் செய்யாததை ஒரு செய்மதியின் மீதான அச்சம் செய்தது.

பிந்திய வழக்குகளை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1968இல் ஆர்க்கன்சாவின் தடைச்சட்டமும், கூர்ப்போடு ‘படைப்பு விஞ்ஞானத்தையும்’ சமமாகக் கற்பிக்கவேண்டும் என்ற லூசியானாச் சட்டம் 1987இலும் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தன. ஆயின் 2005இல் பென்சில்வேனியாவில் நடந்த டோவர் வழக்கு, தமிழ் ஆய்வாளருக்குத் தனிச் சுவை தரவல்லது. ‘ஒப் பாண்டாஸ் அன்ட் பீப்பிள்’ என்னும் நூலை மாணவர் நாடலாம் என அறிவிக்க அங்குள்ள பாடசாலைச் சபை ஆணையிட்டிருந்தது. அந்நூல் கூறுவது மதமன்று, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் கோட்பாடு என்பது சபையின் வாதம். நூலின் அச்சேறாத முற்படிகள் மன்றத்துக்கு வருவிக்கப்பட்டன. தத்துவப் பேராசிரியர் பார்பரா பொறெஸ்ற், ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் போல, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சாட்சியமளித்தார். 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, ஏறத்தாழ 150 இடங்களிற் படைப்பு என்னும் சொல்லும் அதன் வழிவந்த சொற்களும் வடிவமைப்பு என்பதாக மாற்றப்பட்டிருந்தன. ஓரிடத்தில் மாற்றியவரின் கை தவறி, படைப்புவாதிகள் என்னும் பழைய சொல்லின் முதலும் ஈறும் அழியாமல் நிற்க, நடுவே புதிய சொல் செருகப்பட்டிருந்தது. எமது புலவர்கள் பாடபேதம் எனத் துருவுவதை ஒத்த அச்சான்று, எந்தக் குறுக்கு விசாரணைக்கும் குறையாத வலிமையோடு நின்றது. நீதிபதி ஜோன்ஸ் டிசெம்பர் 20இல் சபைக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

டோவரில் மன்றம் பாடநூலை வாசித்தது. டேற்றன் மன்றத்தில் ஹன்டரின் நூலும் சான்றுப் பொருளாகவே வைக்கப்பட்டிருந்தது. இனங்கள் பற்றிய பகுதியில் எவரும் நின்று பார்க்கவில்லை. வழக்கோ சட்டமோ இல்லாமலே பாடநூல் மாறக்கூடும் என்பதற்கு அயலில் அண்மைச் சான்றுண்டு. இந்தியத் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, பெருந்தொற்றுக் காலச் சுமைக்குறைப்பு எனத் தொடங்கி, 2023இல் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து கூர்ப்புப் பகுதியை நிலையாகவே நீக்கியபோது, விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1800 பேருக்கு மேல் கையொப்பமிட்டு எதிர்த்தனர். அங்கே பிரேடியுமில்லை, டிரமண்டுமில்லை; நாடகமாக்குவதற்கு ஒரு காட்சிகூட இல்லை.

இந்நாடகத்தை மேடையேற்ற விழையும் பல்கலைக்கழகக் குழுவினர் எவரேனும் எம்மிடம் வினவினால், நாடகத்தைக் கைவிடுமாறு நாம் கூறமாட்டோம். கேற்ஸ் சிறையில் அமர்ந்து பதினேழாம் அதிகாரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், அந்த நூலை அவன் கையிலே கொடுங்கள் என்போம். இறுதிக் காட்சியில் டிரமண்ட் இரு நூல்களை எடைபார்க்கும் வேளை, மூன்றாவதும் மேசையின்மேற் கிடக்கட்டும். அவன் அதை எடுப்பதா, விட்டுச் செல்வதா என்பதை நெறியாளரும் நடிகரும் ஒத்திகையிலேயே தீர்மானித்துக்கொள்ளலாம்.